சர்டிபிகேட் கிரிவலம்

இதை அவள் படித்தால் முதலில் ஒரு கேள்விதான் கேட்பாள். "அக்கா, இதெல்லாம் நீங்க நேர்ல பார்த்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?" அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும்தான் எழுதப் போகிறேன். அவள் பேரை எழுத மாட்டேன். எழுதினால் இனிஷியல் சரியா என்று பார்க்கச் சொல்லுவாள். அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது.

எண்பத்தொன்பதில் அவள் எங்கள் நர்ஸிங் ஹோமில் சேர்ந்தாள். திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்து ஒன்றில் பத்துக் கட்டில், ஒரு ஆபரேஷன் தியேட்டர், எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு சர்ஜன், அவ்வளவுதான் அந்த ஆஸ்பத்திரி. நான் அங்கே இன்சார்ஜ் சிஸ்டர். அவளைவிட மூன்று வயது மூத்தவள். இரண்டு பேரும் படித்தது ஒரே மூன்று வருஷ டிப்ளமாதான். ஆனால் வாங்கிய சம்பளத்தையும் போட்ட சத்தத்தையும் வைத்துப் பார்த்தால் நான் மேலே, அவள் கீழே.

மயக்க டாக்டர் வேலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஊசி போட்டு நோயாளியைத் தூங்க வைத்துத் தலைமாட்டில் உட்காருவார். பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்று அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பிரஷரும் நாடியும் பார்த்து, சார்ட்டில் புள்ளி வைக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நாங்கள் செய்தது வேறு. அவ்வப்போது பார்ப்போம், டாக்டர் கேட்டால் சொல்வோம். எல்லாம் முடிந்து டீ வந்த பிறகு ஒரு கையில் டம்ளரும் மறு கையில் பேனாவுமாக உட்கார்ந்து, நூற்றியிருபதுக்கு எண்பது, நூற்றியிருபதுக்கு எண்பது என்று வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போவோம். பார்க்க அழகாக இருக்கும். மார்கழிக் கோலத்துக்கு வைத்த மாதிரி ஒரு புள்ளிகூடக் கோணாது. எங்கள் தியேட்டரில் வருஷக்கணக்காக யாருக்கும் பிரஷர் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை.

அவள் சேர்ந்த மூன்றாவது நாள் ஒரு குடலிறக்க ஆபரேஷன். அவள் எழுதிய சார்ட்டைப் பார்த்தேன். புள்ளிகள் மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஓர் இடம் காலி.

"இன்னாடி இது, பத்து அம்பதுக்குப் புள்ளியே காணோம்?"

"அப்ப தையல் நூல் எடுக்கப் போயிருந்தேங்க்கா. பார்க்கல."

"முன்னாடியும் நல்லா இருந்தான், பின்னாடியும் நல்லா இருந்தான். நடுவுல மட்டும் இன்னா ஆயிடப் போவுது? வை ஒரு புள்ளி."

"பார்க்காததை எப்படிக்கா எழுதுறது?"

இன்சார்ஜ் என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்? பேனாவைப் பிடுங்கி நானே ஒரு புள்ளி வைத்தேன். மறுநாள் ஃபைலை எடுத்தபோது, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தாள்: 'இந்தப் புள்ளி இன்சார்ஜ் சிஸ்டர் வைத்தது.' சர்ஜன் டாக்டர் அதைப் படித்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசப் பிடிக்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அது சார்ட்டோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை என்று. பௌர்ணமிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "கிரிவலம் எவ்ளோ தூரம்மா?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைகூடப் பதினாலு கிலோமீட்டர் என்று சொல்லிவிடும். அவள் மட்டும், "நான் அளந்து பார்க்கலைங்க. எனக்கு நடக்க மூணே முக்கால் மணி நேரம் ஆச்சு. நடுவுல ஒரு எடத்துல சுண்டல் வாங்கினேன்," என்பாள். ஒரு வருஷம் தீபத்தன்று மலை உச்சியை மேகம் மூடிவிட்டது. தெருவே கை தூக்கிக் கும்பிடுகிறது, தெரிகிறது தெரிகிறது என்கிறது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவளும் கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு, "எனக்குத் தெரியலக்கா, உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லைதான். அதை நான் ஏன் சொல்லப் போகிறேன்?

அவளைப் பெண் பார்க்க வந்தபோது நானும் கீழ்பென்னாத்தூரில் அவள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை இன்ஜினியர் என்று சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு நல்லா சமைக்குமா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்தபடியே, "நான் சமைச்சதை எங்கம்மாதான் சாப்பிட்டிருக்காங்க. அவங்களைக் கேளுங்க," என்றாள். அவள் அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டார். அதோடு விட்டாளா? தனியாகப் பேசச் சொன்னபோது மாப்பிள்ளையிடம், "எல்லாப் பேப்பரும் பாஸ் பண்ணியாச்சா?" என்று கேட்டாள். ஜன்னல் திறந்திருந்ததால் எனக்கு நன்றாகவே கேட்டது. மாப்பிள்ளைக்கு இரண்டு பேப்பர் பாக்கி. அவர்கள் கேசரியைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இப்படிப்பட்டவள் அமெரிக்காவுக்குப் போய் மயக்கம் கொடுக்கப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதற்குக் காரணம் ஒரு வெள்ளைக்காரம்மாவின் மணிக்கட்டு. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த அந்த அம்மா மலைப்பாதையில் கல் தடுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். கைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி. ஆள் முழித்துக்கொண்டுதான் இருந்தார். படுத்தபடியே இவள் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் புள்ளி வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கட்டுப் போட்டு முடிந்ததும் சொன்னார்: அவரும் நர்ஸ்தான், அவர் ஊரில் நோயாளிக்கு மயக்கம் கொடுப்பதே அவர் வேலை, நர்ஸ்கள் அதற்கென்றே தனியாகப் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கலாம்.

நாங்கள் யாரும் நம்பவில்லை. நம் ஊரில் அது டாக்டர் வேலை. நர்ஸ் அந்த ஊசியைத் தொட்டால் மயக்க டாக்டர் மூன்று நாள் பேச மாட்டார். ஆனால் நாலு மாதம் கழித்து அந்த அம்மா அனுப்பிய ஒரு பள்ளியின் கையேடு தபாலில் வந்தது. இவள் அதை முன் அட்டை முதல் பின் அட்டை வரை படித்தாள். பிறகு ஒரு தாளில் நாலே நாலு வரி எழுதி, தியேட்டர் அலமாரிக் கதவின் உள்பக்கம் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். ஒரு டிகிரி. ஐ.சி.யூ. அனுபவம். அந்த ஊர் நர்ஸ் லைசென்ஸ். கூட வேலை பார்த்தவர்கள் எழுதித் தரும் கடிதம்.

"ஏண்டி, இங்க இல்லாத வேலையா? அங்க போயி இன்னா பண்ணப் போற?"

"தலைமாட்டுல நிக்கறதுதான்க்கா எனக்குப் புடிச்சிருக்கு. தூங்கறவங்களுக்குத் தன்னை இன்னா பண்றாங்கன்னு தெரியாது. ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும் இல்ல? இங்க நான் பார்க்கத்தான் முடியும். ஏதாச்சும் ஆனா கைய பெசஞ்சிக்கிட்டு நிக்கணும். அங்கன்னா மருந்தும் என் கைல இருக்கும்."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கேலி செய்வதைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கொண்டேன். முழுசாக விடவில்லை.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டாள். எந்த டிகிரி? டாக்டர், "ஏதோ ஒரு டிகிரிதானே கேக்கறான், தபால்ல ஒரு பி.ஏ. வாங்கிப் போடு," என்றார். எங்கள் மருந்துக் கடைக்காரர் உள்ளூர்க் காலேஜில் வேதியியல் சேரச் சொன்னார். அது மூன்று வருஷம், டூட்டிக்கு ஒத்துவராது. இன்னொரு வழி, டிப்ளமா நர்ஸ்களுக்கென்றே இருக்கிற இரண்டு வருஷ பி.எஸ்ஸி. நர்ஸிங். அதற்கு வேலையை விட்டுவிட்டு மெட்ராஸ் போய் ஹாஸ்டலில் இருக்க வேண்டும். நாலாவது வழி ப்ரீஃப்கேஸோடு எங்கள் வரவேற்பறைக்கே வந்தது. வடக்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகம், வகுப்புக்கே போக வேண்டாம், ஆறே மாதத்தில் டிகிரி வீடு தேடி வரும் என்றார் அந்த மனிதர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

"க்ளாஸுக்கே போவாம, நான் படிச்சேன்னு எப்படி சார் எழுதுவாங்க?"

"அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்மா."

"நீங்க பார்த்துக்கறது சரிங்க. நான் படிச்சதை யாரு பார்த்தது?"

அவர் ப்ரீஃப்கேஸை மூடிக்கொண்டு போய்விட்டார். இவள் தாளின் நடுவில் கோடு போட்டு, ஒவ்வொரு படிப்புக்கும் இந்தப் பக்கம் என்ன தெரியும், அந்தப் பக்கம் என்ன தெரியாது என்று எழுதினாள். தெரியாதது ஜாஸ்தியாக இருந்தது. அமெரிக்கப் பள்ளிக்கே கடிதம் எழுதிக் கேட்டாள். பதில் வர இரண்டு மாதம். அதில் ஒரு சந்தேகம், மறுபடி ஒரு கடிதம், மறுபடி இரண்டு மாதம். இதிலேயே வருஷங்கள் ஓடின. நான் இதற்குள் கல்யாணம் பண்ணி, குழந்தை பெற்று, வேங்கிக்கால் பக்கம் வீட்டு மனையும் வாங்கிவிட்டேன். டாக்டர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவார்.

"ஊரே மலையைச் சுத்துது, நீ சர்டிபிகேட் கிரிவலம் வர்ற. பார்த்துக்கோ, கடைசில பொறப்பட்ட எடத்துக்கேதான் வந்து நிப்ப."

தொண்ணூற்றைந்தில் ஒருவழியாக முடிவு செய்து, இரண்டு வருஷ நர்ஸிங் டிகிரிக்கே போனாள். நாலு வழியிலும் அதுதான் நீளமான வழி, அதிகச் செலவும்கூட. ஆனால் நோயாளியின் பக்கத்தில் நின்று படிக்கிற படிப்பு அது ஒன்றுதான் என்றாள். படித்து முடித்து அவள் திரும்பி வந்து இறங்கியபோது டாக்டர் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

அந்த லட்டு செரிப்பதற்குள் இரண்டாவது வரி வந்து நின்றது. தலைமாட்டில் நின்ற வருஷங்களை எல்லாம் கணக்கில் காட்டிவிடலாம் என்று இருந்தோம். அந்தப் பள்ளியோ, ஆபரேஷன் தியேட்டர் அனுபவம் செல்லாது, ஐ.சி.யூ.வில் நின்றிருக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. எங்களிடம் ஐ.சி.யூ.வுக்கு எங்கே போவது? டாக்டர் யோசித்தார். மறுநாள் ஆபரேஷன் முடிந்தவர்களைப் படுக்க வைக்கிற அறைக்கு ஒரு பச்சைத் திரை போட்டு, வாசலில் 'ஐ.சி.யூ.' என்று பலகையும் மாட்டிவிட்டார். உள்ளே இரண்டு கட்டில், ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், ஒரு டேபிள் ஃபேன். பிறகு லெட்டர்பேடை எடுத்து, 'ஐ.சி.யூ.வில் ஆறு ஆண்டுகள் சிறப்பாகப் பணிபுரிந்தார்' என்று எழுதி அவளிடம் நீட்டினார்.

அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். "சார், இதை நேத்து சாயங்காலம்தான் மாட்டினீங்க."

"அமெரிக்காக்காரன் வந்து பார்க்கப் போறானா?"

"நான் பார்த்தேனே சார்."

டாக்டருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. உதவி செய்ய வந்தவனை முகத்தில் அடித்தாற்போலப் பேசுகிறாளே என்று என்னிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டார். அவள் அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல், நாலாக மடித்து அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருஷம். அங்கே எப்படி வேலை பார்த்தாள் என்று நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து சோஃபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். அதை மட்டும் பார்த்தேன்.

அவள் வந்தால் என் மகள் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொள்வாள். இந்த இடத்தில் என் மகள் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். இதை நான் அதிகம் பேருக்குச் சொன்னதில்லை.

தொண்ணூற்றுமூன்றில், எங்கள் தியேட்டரிலேயே எனக்கு சிசேரியன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணி மறைப்பு. தலைமாட்டில் அவள். என் இடது கை அவள் கையில். குழந்தையை எடுப்பது உடம்புக்குள் ஒரு இழுப்பாகத் தெரிந்தது. பிறகு சத்தமே இல்லை.

"அழுதுச்சா?" என்று கேட்டேன்.

"அழுதுச்சு, அழுதுச்சு, பொண்ணு பொறந்திருக்கா," என்றார் டாக்டர். "நல்லா அழுதுச்சே, கேக்கலையா?" என்றாள் ஆயா. எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

"இன்னும் அழலக்கா," என்றாள். "டாக்டருங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க. என் கைய விடாதீங்க."

அந்த இரண்டு நிமிஷத்தை நான் என்னவென்று எழுதுவது? அவள் கையை நான் பிடித்த பிடியில் அவள் வளையல் உடைந்துவிட்டது. பிறகு பூனை மாதிரி ஒரு சத்தம். "இப்ப அழுதுச்சு," என்றாள். அவள் குரல் நடுங்கியது. அப்போதும் ஒரு கையால் சார்ட்டில் எழுதினாள்.

எனக்கு அவள்மேல் ஆறாத கோபம். பெற்றுக்கொண்டிருக்கிறவளிடம் சொல்லுகிற பேச்சா அது? ஊரே ஒரு பொய் சொல்லும்போது இவளுக்கு மட்டும் என்ன வந்தது? குழந்தைக்குப் பேர் வைத்த விழாவுக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை. அவள் வாசல் வரை வந்து ஆயாவிடம் கவுன் கொடுத்துவிட்டுப் போனாள்.

எட்டு மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. மெட்ராஸில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பொறந்ததும் அழுதுச்சா?" டிஸ்சார்ஜ் சீட்டில் 'உடனே அழுதது' என்று இருந்தது. எல்லாச் சீட்டிலும் அப்படித்தான் எழுதுவோம், நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். என் பையில் அவள் எழுதிய சார்ட்டின் நகலும் இருந்தது. நான் கேட்காமலே ஃபைலுக்குள் வைத்திருந்தாள். 'பதினொன்று நாற்பத்திரண்டு, குழந்தை வெளியே. அழவில்லை. பதினொன்று நாற்பத்து நாலு, முதல் அழுகை.' அந்த டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "இது கைக்கு வந்தது நல்லதாப் போச்சும்மா, எங்க பார்க்கணும்னு தெரிஞ்சுடுச்சு," என்று சொல்லி அன்றைக்கே பயிற்சிகளை ஆரம்பித்தார். என் மகள் இரண்டேகால் வயதில் நடந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடினாள், கடைசியாகத்தான் வந்தாள், ஆனால் ஓடினாள். இதற்கெல்லாம் நான் அவளிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னதோடு சரி.

சரி, சர்டிபிகேட்டுக்கு வருகிறேன். டிகிரியும் கையில், ஐ.சி.யூ. கடிதமும் கையில். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் நாலு தடவை படித்துப் பார்த்தவள், ஒன்றே ஒன்றில் ஊரோடு ஒத்துப்போனாள். டிகிரியை லேமினேட் பண்ணினாள். பண்ணச் சொன்னது நான்தான், அதையும் எழுதிவிடுகிறேன். கரையான் அரிக்காது, தண்ணி பட்டால் ஊறாது என்று நானே மாடவீதியில் சாமி படம் லேமினேட் பண்ணுகிற கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் ஆசையாக, மூலையில் ஒரு சின்ன அண்ணாமலையார் படத்தையும் சேர்த்து உள்ளே வைத்து அழுத்திக் கொடுத்தார்.

லைசென்ஸ் பரீட்சைக்கு மனுப் போட, அசல் டிகிரியின் பின்னால் சென்னையில் ஒரு ஆபீஸில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். இரண்டு பேரும் போனோம். குமாஸ்தா டிகிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிளாஸ்டிக் மேல எப்படிம்மா சீல் குத்தறது? மை நிக்காது. பிரிச்சு எடுத்துட்டு வாங்க." பிறகு மூலையைப் பார்த்து, "சாமி நல்லா இருக்காரு," என்றார்.

பிரிப்பதென்றால் யார் பிரிப்பது? சர்ஜன் எதற்கு இருக்கிறார்? அன்றைக்கு ஆபரேஷன் எதுவும் இல்லை. தியேட்டர் மேஜையில் பச்சைத் துணி விரித்து, அதன் மேல் டிகிரியைக் கிடத்தி, பெரிய விளக்கைப் போட்டோம். பழைய கோபமெல்லாம் மறந்து டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டார். "மயக்கம் குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நான் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை நீட்டினேன். அவள் வழக்கம்போலத் தலைமாட்டில் சார்ட்டோடு நின்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுதினாள்.

'பத்து ஐந்து, மேல் ஓரம் பிரிந்தது. பத்துப் பத்து, பல்கலைக்கழக முத்திரை நலம். பத்துப் பதினைந்து, சாமி படம் தனியாக எடுக்கப்பட்டது. பத்து இருபது, டாக்டர் தும்மினார்.'

பத்து இருபத்தைந்துக்கு, பதிவாளரின் கையெழுத்து முழுசாகப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார். அவள் ஒரு நிமிஷம் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து அதையும் எழுதினாள்.

மறு பிரதி வாங்கலாம், ஆனால் அசல் தொலைந்துவிட்டது என்று போலீஸில் சான்று வாங்கி வைத்தால்தான் சீக்கிரம் வரும் என்றார்கள். ஸ்டேஷனுக்கும் நான்தான் கூடப் போனேன். எழுதுகிற ஏட்டு நல்ல மனிதர். "கீழ்பென்னாத்தூர் பஸ்ல தொலைஞ்சிடுச்சுன்னு எழுதுங்கம்மா. ஒரே வாரத்துல சான்று குடுத்துடறோம்."

"பஸ்ல தொலையல சார். எங்க தியேட்டர்ல கெட்டுப்போச்சு. இதோ இருக்கு," என்று பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

ஏட்டு என்னைப் பார்த்தார். "கையில வச்சிக்கிட்டு காணோம்னு புகார் குடுக்க வர்றவங்களை இன்னிக்குத்தாம்மா பார்க்கறேன்."

"நான் காணோம்னு சொல்லலையே சார்."

வெளியே வந்ததும் நடுரோட்டில் நின்று அவளைத் திட்டினேன். வயசு முப்பத்துமூணு ஆகிறது, அம்மா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அலைகிறார், பரீட்சைக்கு மனுப் போட இன்னும் ஒரே மாதம், ஒரு பொய், ஒரே ஒரு பொய், யாருக்கும் கேடு இல்லாத பொய், சொன்னால் என்ன குறைந்து போகும் என்று கத்தினேன். பூக்கடைக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பயமாத்தான்க்கா இருக்குது. ஆனா இதை எழுதிட்டா, அப்புறம் என் சார்ட்டை நானே நம்ப மாட்டேன்."

கெட்டுப்போன டிகிரியை, நடந்ததை விளக்கி ஒரு கடிதம் வைத்து, ஆதாரமாக அந்த ஆபரேஷன் சார்ட்டையும் இணைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். பத்து மாதம் ஆயிற்று புது டிகிரி வர. அந்த வருஷம் போனது போனதுதான். அடுத்த வருஷம் மனுப் போட்டு, பரீட்சை எழுதி, இரண்டாயிரத்து இரண்டில் அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஐ.சி.யூ. நர்ஸாகக் கிளம்பினாள். ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நீலப் பை மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு கவர் வந்தது. மயக்கம் கற்றுத் தரும் அந்தப் பள்ளிக்கு ஒருவழியாக விண்ணப்பித்திருக்கிறாள். அலமாரிக் கதவின் நாலாவது வரி நான்தான். ஃபாரத்தில் ஒரு கேள்வி: 'விண்ணப்பதாரரின் ஐ.சி.யூ. பணியை நீங்கள் நேரடியாக எத்தனை ஆண்டுகள் கவனித்தீர்கள்?' நான் 'இரண்டு' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போன் பண்ணினாள்.

"ரெண்டு வருஷம், வேலூர்ல, பிரமாதம்னு எழுதிடறேன்டி."

"நீங்க வேலூருக்கு வந்து பார்த்தீங்களாக்கா?"

"உன்னை எனக்குத் தெரியாதா?"

"பார்த்தீங்களா?"

"பூஜ்யம்னு எழுதினா சீட்டு போயிடும்டி. பதினஞ்சு வருஷம் சுத்தியிருக்க."

"போவட்டும்க்கா," என்றாள். "நீங்க பார்த்தது ஏதாச்சும் இருந்தா அதை எழுதுங்க."

பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் பூஜ்யம் போட்டேன். அதற்குக் கீழே, 'வேறு ஏதேனும்' என்று விட்டிருந்த இடத்தில், பதினொன்று நாற்பத்திரண்டையும் பதினொன்று நாற்பத்து நாலையும் எழுதினேன். எல்லோரும் அழுதது என்று சொன்னதையும், அவள் மட்டும் இல்லை என்று சொன்னதையும், என் கையை விடாமல் இருந்ததையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கம் வரை போனது. எழுதி முடித்தபோது, பத்து வருஷமாக அவளுக்குச் சொல்லாத நன்றியை முன்பின் தெரியாத அமெரிக்காக்காரனுக்குச் சொல்லிவிட்டேன் என்று தோன்றி அழுகை வந்தது.

சீட்டு கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னாள். என் கடிதத்தாலா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வாள்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு பெரிய கவர் வந்தது. உள்ளே அவள் மயக்கப் படிப்பு சர்டிபிகேட்டின் நகல். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, வயதாகிவிட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை லேமினேட் பண்ணித் தியேட்டர் வாசல்ல மாட்டணும்மா," என்றார். நானும் ஆயாவும் ஒரே நேரத்தில் கத்தினோம். கடைசியில் கண்ணாடிச் சட்டம்தான் போட்டோம். பின்பக்கம் நாலு திருகாணி, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம்.

சட்டத்துக்குள் வைப்பதற்கு முன்னால் நகலைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் அவள் எறும்பு எழுத்தில், இந்த முறை தமிழில் எழுதியிருந்தாள்: 'அக்கா, இன்னிக்கு ஒரு சிசேரியன். மயக்கம் நான்தான் குடுத்தேன். காலைல ஒன்பது பதினாறு, குழந்தை வெளியே. ஒன்பது பதினாறு, அழுதுச்சு. நேர்ல பார்த்தேன்.'

இவ்வளவு எழுதியதில் நான் கண்ணால் பார்க்காமல், காதால் கேட்காமல் எழுதுவது அந்தக் குழந்தை அழுததை மட்டும்தான்.